நானூற்றெழுபது கிலோ ஓம்

விளக்கு எரியவில்லை என்பதுதான்
எனக்கு முதல் சந்தேகம்.

ருஸ்தாவி கார்ச் சந்தை, ஏழாம் வரிசை.
பனி உருகிச் சேறான வாசலில்
பொந்தோவின் கேம்ரி வந்து நின்றது.
கஸ்பேகிக்கு ஆள் ஏற்றுகிறவன்.
"குதாவுரி ஏற்றத்தில் மட்டும், லமாரா,
தகர டப்பாவில் யாரோ பட்டாணி குலுக்குகிறார்கள்.
நேற்றுப் பின் சீட்டில் இருந்த பாதிரியார்
சிலுவை போட்டுக்கொண்டார்."

பெட்ரோல் மோசமாக இருக்கும் என்றேன்.
மூன்று பங்கில் மாற்றிப் பார்த்துவிட்டான்.
பிளக் புதிது. அதன் ரசீதைக்கூட
சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான்.

ஸ்கேனரைச் செருகினேன்.
கோளாறு எதுவும் இல்லை என்றது.
இவ்வளவு சத்தம் போடுகிற எஞ்சினுக்கு
கோளாறே இல்லையாம்.

நாக் சென்சார் என்பது ஒரு காது.
எஞ்சினின் இரும்பில் ஒட்டிக்கொண்டு
வெடிப்பு முந்துகிறதா என்று கேட்கிற காது.
முந்தினால் கணினியிடம் சொல்லும்.
கணினி தீப்பொறியைச் சற்றே பின்னுக்கு இழுக்கும்,
வேகமாகப் பேசுகிறவன் தோளை
பக்கத்தில் இருப்பவன் தொடுவதுபோல.

மீட்டர் வைத்தேன். சரி என்றது.
இரண்டாயிரம் சுற்றில் நிறுத்தி
நீள இரும்புக் கம்பியை எஞ்சினில் ஊன்றி
சின்னச் சுத்தியலால் தட்டினேன்.
டக். டக்டக்.
திரையில் எண் அசைய வேண்டும்.
பதினேழு.
பலமாகத் தட்டினேன்.
பதினேழு.
செவிடன் காதுக்காவது
சங்கு ஊதுகிறவன் கன்னம் தெரியும்.

பிறகு கண்ணாடியும் டார்ச்சும்.
வயர் போன வழியே விரலும் போனது,
பின்சுவர் ஓரம், கை நுழையாத இடுக்கு வரை.
அங்கே பச்சை டேப் சுற்றிய ஒரு முடிச்சு.
பிரித்தால்
நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டர்.
மஞ்சள், ஊதா, மஞ்சள்.
காதுக்குப் போகும் வயரை அறுத்துவிட்டு
இதைக் கட்டியிருக்கிறார்கள்.
யார் என்ன கேட்டாலும்
"நலம், நலம்" என்கிற கிளிப்பிள்ளை.

வெட்டி எறிந்தேன்.
எஞ்சினைத் தூக்கிப் பிடித்தேன்.
டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.
பொந்தோ பதறினான்:
"நன்றாக இருந்த வண்டியைக் கெடுத்துவிட்டாயே!"
"இப்போதுதான் வாயைத் திறக்கிறது" என்றேன்.

இன்டேக்கைக் கழற்றினால்
அடியில் காய்ந்த வண்டல், ஒரு புல்லின் நார்.
எந்த ஊர் வெள்ளத்தில் கிடந்ததோ,
காகிதத்தில் அப்படி ஒரு வெள்ளம் இல்லை.
பழைய சென்சார் துருவேறி
கையோடு இரண்டாக வந்தது.

புதிதை வைத்தேன்.
இருபது நியூட்டன் மீட்டர், கூட்டக் கூடாது.
இறுக்கிப் பிடித்தால் எதுவும் காதில் விழாது,
தளர்த்தினால் எல்லாமே விழும்.
டார்க் ரெஞ்சின் கிளிக் ஒலிக்கு
இரண்டு முறை மூச்சை நிறுத்தினேன்.

எல்லாம் பூட்டி, மறுபடி கம்பி, சுத்தியல்.
டக்.
பதினேழு பதினான்கானது.
கொஞ்ச நேரம் கழித்துத்
தானே ஏறி வந்தது.
பொந்தோ சுத்தியலை வாங்கி
அவனும் நான்கு தடவை தட்டிப் பார்த்தான்.

பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டான்:
"எவன் செய்த வேலை இது?"

பச்சை டேப்பின் நுனி
உள்பக்கமாக மடிந்திருந்தது,
அடுத்த ஆள் நகம் வைத்துப் பிரிக்க வசதியாக.
அப்படி மடிக்கிறவன்
இந்தச் சந்தையிலேயே ஒருவன்தான்.
இரண்டாம் வரிசையில் கடை.
ஞாயிறு தோறும் என் மேஜையில் சாப்பிடுகிறவன்.
கோச்சா. என் தம்பி.

"யாரோ" என்றேன்.
"சந்தையில் ஆயிரம் பேர்."

குரல் கொஞ்சமும் அசையவில்லை.
பதினேழு.

மேலங்கிப் பையில்
அந்த நெல்மணி கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமைக்கு
இன்னும் மூன்று நாள்.